போதும்பொண்ணைக் கூப்பிடாதீர்கள்

கொம்படிப்பட்டியில் ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னால் மின்சாரம் நின்றது. ஊர் மின்சாரத்தைச் சொல்லவில்லை. அது யார் பெயரையும் சொல்லாமலே நிற்கும். இருளப்பனின் கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஆட்டோ பேட்டரிகளுக்குள் ஏறிக்கொண்டிருந்த மின்சாரம்தான், அவன் மனைவியை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், கூப்பிட்ட வாய் மூடும் முன்பே நின்றது.

அவள் பெயர் போதும்பொண்ணு. அந்தப் பக்கத்தில் இது அரிதான பெயர் இல்லை. பெண்ணுக்கு மேல் பெண்ணாகப் பிறக்கும் வீட்டில் கடைசியாக வந்தவளுக்கு இதை வைப்பார்கள். வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்று நம்பிக்கை. இலக்கணப்படி பார்த்தால் இது பெயரே இல்லை, முழு வாக்கியம். அதுவும் குழந்தையிடம் சொன்னதல்ல, குழந்தையின் தலைக்கு மேலே பார்த்துக் கடவுளிடம் சொன்னது. கடவுள் காதில் வாங்கவில்லை. அவளுக்குப் பின் அவள் தாய்க்கு இன்னும் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். ஆக, யாரும் மதிக்காத ஒரு கட்டளையைச் சுமந்துகொண்டே அவள் வளர்ந்தாள், மணமானாள், இரண்டு பெண்களைப் பெற்றாள்; அந்தக் கட்டளையை முதன்முதலில் மதித்தது லித்தியம்தான்.

பஸ் நிலையத்துக்கும் மலையடி முனியாண்டி கோயிலுக்கும் இடையே ஓடும் மின்சார ஆட்டோக்கள் எல்லாம் இருளப்பன் கொட்டகையில்தான் பசியாறின. கீழே பேட்டரி, மாடியில் குடும்பம். மாடிப்படி கொட்டகைக்குள்ளிருந்துதான் ஏறியது. ஈய பேட்டரி காலத்தில் வாங்கிய சார்ஜர்களையே லித்தியம் வந்த பிறகும் அவன் வைத்திருந்தான். ஈய பேட்டரி எருமை மாதிரி. கூடுதலாக ஊட்டினால் கொஞ்சம் கொப்பளிக்கும், ஆவி விடும், பொறுத்துக்கொள்ளும். லித்தியத்துக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. பதின்மூன்று செல் கோத்த பேட்டரி ஐம்பத்து நாலரை வோல்ட்டுக்கு ஒரு முடி மேலே ஏறியதும் நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் சூடாகும், வீங்கும், பிறகு பிடிக்கும் தீ தண்ணீருக்கும் பயப்படாது. நிறுத்துவதற்கென்று பேட்டரிக்குள்ளேயே ஒரு காவல் பலகை இருக்கும். இவன் மலிவாக வாங்கிய பேட்டரிகளில் அதை விற்றவனே கழற்றி வைத்துக்கொண்டான். ஆகவே இருளப்பனின் கண்ணே காவல். மீட்டரைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகப் பிடுங்குவான்.

பங்குனி மாதத்து மதியம் ஒன்றில் அந்தக் காவல் கண்ணயர்ந்தது. பேட்டரிகள் எல்லை தாண்டின. கோடியிலிருந்த ஒன்று பணியாரம் போல உப்பத் தொடங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து, போதும்பொண்ணுக்குச் சித்தப்பா முறையான ஆட்டோக்காரர் சோணைமுத்து வாசலில் வண்டியை நிறுத்தி மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏ போதும்பொண்ணு! ஒரு செம்புத் தண்ணி கொண்டாத்தா, நாக்கு ஒட்டிக்கிருச்சு."

சிவப்பாக எரிந்த விளக்குகள் அத்தனையும் பச்சைக்கு மாறின. சார்ஜர்களின் விசிறிகள் ஓய்ந்த அமைதியில் இருளப்பன் திடுக்கிட்டு எழுந்தான்.

"என்ன மாப்ள, எல்லாத்தையும் ஒரே நேரத்துல பிடுங்கிட்டியா?"

"நான் தொடவே இல்ல மாமா."

"பின்ன யாரு, உங்கப்பனா வந்து பிடுங்கினாரு?"

மாலைக்குள் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 'போதும்' என்று மட்டும் சொன்னால் ஒன்றும் நடக்கவில்லை. 'பொண்ணு' என்று மட்டும் சொன்னாலும் இல்லை. செல்போனில் பதிந்து ஒலிக்கவிட்டால் லித்தியம் அதைச் சட்டை செய்யவில்லை. மனித வாய், அவளை, முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஒரே குறை, அந்தப் பெயருக்கு அரை எது முழுசு எது என்று தெரியாது. நிரம்பியதையும் நிறுத்தியது, நிரம்பாததையும் நிறுத்தியது. இருளப்பனின் அக்கா பேச்சியம்மாள் பக்கத்துத் தெருவிலிருந்து வந்து, "ஏ போதும்பொண்ணு, ஒரல் இருக்கா?" என்று வாசலில் நின்று கேட்ட நாளில் பாதி சார்ஜோடு கிளம்பிய வண்டிகள் எல்லாம் மலைப்பாதையின் நடுவில் பக்தர்களோடு நின்றன. பேட்டரியில் அதற்குப் பரிகாரம் உண்டு: பிடுங்கி மறுபடி செருகினால் விட்ட இடத்திலிருந்து ஏறும்.

ஊர் 'ஏன்' என்று கேட்கவில்லை, 'எப்போது' என்றுதான் கேட்டது. ஆட்டோக்காரர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். மீட்டர் ஐம்பத்து நாலரையைத் தொட்டதும் முறைக்காரர் தொண்டையைச் செருமிக் கூப்பிடுவார், இருளப்பன் சாவகாசமாக வெற்றிலை போடுவான். பிறகு பெண்கள் பாலோடு வந்தார்கள். கொட்டகை வாசலில் அடுப்பை வைத்துப் பொங்கும் தருணத்தில் கூப்பிட்டார்கள், பால் விளிம்பில் நின்று கீழே இறங்கியது. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறவர் வந்தார். கல்யாணப் பந்தியில், இலையைக் கையால் மறைத்தும் கேட்காமல் கவிழ்க்கப்படும் சாதக் கரண்டிக்கு எதிராக விருந்தாளிகள் அவள் பெயரைச் சொன்னார்கள், கரண்டி அந்தரத்தில் நின்றது. திருவிழா மேடையில் ஒருவர் மைக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தபோது கூட்டமே சேர்ந்து கூப்பிட்டது. பேச்சாளர் பாதிச் சொல்லில் நின்றார், மீதிச் சொல் இன்றுவரை அவரிடம்தான் இருக்கிறது. இப்படியாக அந்தப் பெயர் குழாயடி, பந்தி, சந்தை, சாராயக்கடை என்று போய்வந்தது. ஊர் அதைத் திருகாணி போலவும் தாழ்ப்பாள் போலவும் பயன்படுத்தியது.

"காலையிலருந்து என் பேரு எத்தன வாயில விழுந்துச்சு தெரியுமா?" என்று போதும்பொண்ணு ஒருநாள் புருஷனிடம் சொன்னாள். "ஒருத்தராவது என்னையக் கூப்பிட்டாகளா?"

மறுவருஷம் அவள் மூன்றாவதாக உண்டானாள். இருளப்பன் யாரிடமும் எதுவும் சொல்லாமல் முனியாண்டி கோயில் மரத்தில் ஒரு தொட்டில் கட்டிவிட்டு வந்தான். ஆண் வேண்டும் என்று அவன் வாய் திறந்து சொன்னதில்லை. தொட்டிலுக்கு நீலத் துணி வாங்கினான், அவ்வளவுதான்.

ஐந்தாம் மாதம் குழந்தை அசையத் தொடங்கியது. ஒருநாள் காலை, வாசலில் யாரோ ஒருத்தி பாலை வைத்துக்கொண்டு அவள் பெயரைக் கூவினாள். பால் நின்றது. வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருந்த காலும் நின்றது. அன்று முழுவதும் அது அசையவில்லை. போதும்பொண்ணு ஒருக்களித்துப் படுத்தாள், குளிர்ந்த நீர் குடித்தாள், விளக்கு வைக்கும் நேரத்தில் மிக மெல்ல, தயங்கித் தயங்கி ஓர் அசைவு வந்தது. ஆஸ்பத்திரியில் நர்சம்மா வயிற்றில் டேப் வைத்து அளந்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"மாசத்துக்கு ஏத்த வளர்ச்சி இல்லையேம்மா. நல்லா சாப்பிடுறியா?"

போதும்பொண்ணு நல்லா சாப்பிட்டாள். காரணம் சோற்றில் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எது எது நிரம்பிக்கொண்டிருக்கிறதோ அதையெல்லாம் அந்தப் பெயர் நிறுத்துகிறது. ஊர் பாலுக்கும் தண்ணீருக்கும் கூவிய ஒவ்வொரு முறையும் உள்ளே ஒன்று வளர்வதை நிறுத்திக் காத்திருந்து, பிறகு விட்ட இடத்தைத் தேடித் தடுமாறித் தொடர்ந்திருக்கிறது. பேட்டரியைப் பிடுங்கிச் செருகலாம். பிள்ளையை?

வீட்டுக்கு வந்ததும் வாசலில் நின்று சொன்னாள்: "இன்னைலருந்து என்னைய யாரும் பேர் சொல்லக் கூடாது. சொன்னா இந்தப் புள்ள எனக்கு நெலைக்காது."

ஊர் இதையும் வியப்பில்லாமல் ஏற்றுக்கொண்டது. ஆட்டோக்காரர்கள் கொட்டகை முகப்பில் 'பெயர் சொல்லி அழைக்காதீர்' என்று பலகை மாட்டினார்கள். யார் பெயர் என்று போடவில்லை, போட்டால் யாராவது வாய்விட்டு வாசித்துவிடுவார்கள். 'அந்தப் புள்ள', 'கொட்டகைக்காரி', 'இருளப்பன் வீட்ல' என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பெண்களுக்கு இதில் சிரமமே இல்லை. புருஷன் பெயரைச் சொல்லாமல் ஓர் ஆயுளை ஓட்டும் வித்தை அவர்களுக்கு அத்துப்படி. ஆண்கள்தான் திணறினார்கள். நாக்கு நுனிவரை வந்துவிட்ட பெயரைக் கடித்து விழுங்கி, கண்ணில் நீர் வர இருமினார்கள். சந்தையில் வியாபாரி ஒருவர் தராசைப் பார்த்து, "போதும், பொண்ணு..." என்று ஏதோ ஒரு பெண்ணிடம் சொல்லப்போக, சுற்றி நின்றவர்கள் அவர் வாயைப் பொத்தினார்கள்.

பால் பொங்கி வழிந்தது, பந்தியில் சோறு குவிந்தது, அதையெல்லாம் ஊர் பொறுத்துக்கொண்டது. பேட்டரி பொறுக்காது. இருளப்பன் மறுபடி கண் இமைக்காமல் உட்கார்ந்து பார்த்தான், முடியவில்லை. சார்ஜர்களைத் திருத்துவது ஒன்றே வழி. பெட்டியைத் திறந்து, உள்ளே வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் சின்னஞ்சிறு திருகைக் கடைசிவரை திருகினான். ஐம்பத்தாறுக்குக் கீழே அது இறங்க மறுத்தது. ஆகவே ஒவ்வொரு சார்ஜருக்கும் பேட்டரிக்கும் நடுவே, வோல்ட்டை மோப்பம் பிடித்துத் தொடர்பைத் துண்டிக்கும் ரிலே ஒன்றை வைப்பது என்று முடிவு செய்தான். அவன் ஈயத்தை உருக்கிக் கம்பிகளைப் பற்ற வைத்தான். அவள் மீட்டரைப் பிடித்துக்கொண்டு எண்ணை வாசித்தாள்.

"அம்பத்து நாலு... அம்பத்து நாலே கால்... அம்பத்து நாலரை... ஏய்யா, தாண்டுதுய்யா!"

'டக்' என்றது ரிலே. விளக்கு பச்சையானது.

அவள் பெயரில்லாமல் ஒரு காரியம் நின்ற முதல் நாள் அது. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இனிமே என்னைய டக்குன்னே கூப்பிடுய்யா. நல்லாத்தான் இருக்கு."

"ஏ டக்கு, கஞ்சி ஊத்து" என்றான் அவன். இருவரும் சிரித்தார்கள்.

ரிலேக்களை அவன் காயலான் கடையில் பழைய ஸ்டெபிலைசர்களிலிருந்து கழற்றி வந்திருந்தான். வீட்டு ஏசி மின்சாரம் நொடிக்கு நூறு தடவை செத்துச் செத்துப் பிழைக்கும், அதனால் தொடர்பு விலகும்போது பொறியும் தானே செத்துவிடும். பேட்டரியின் டிசி மின்சாரமோ ஒரே மூச்சாக ஓடுவது, விலகும் முனைகளுக்கு நடுவே பொறியை நூல் போல இழுத்து அவற்றை உருக்கும், உருகியவை ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். இந்த வித்தியாசம் ரிலேயின் முதுகில் எறும்பு எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. அந்த ஊரில் எறும்பு எழுத்தை யாரும் படிப்பதில்லை.

எட்டாம் மாதம் பேச்சியம்மாள் வந்தாள். போதும்பொண்ணு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கால் நீட்டி உட்கார்ந்து அக்காக்காரி ஆரம்பித்தாள்.

"அகண்டு கெடக்கு. இதுவும் பொட்டைதான். எந்தம்பிக்குக் கொள்ளி வைக்க ஆள் வேணாமா?"

"எம்மக வைப்பா மதினி."

"வைப்பா, வைப்பா. இந்தா பாருத்தா, ஆஸ்பத்திரி வேணாம், மருந்து மாத்திர வேணாம். வாசல்ல நின்னு ஒரு சத்தம், அம்புட்டுத்தான். பேரச் சொல்லிக் கூப்பிட்டா குத்தமா? உம்பேரே அதுதான? எந்தப் போலீஸு வந்து கேக்கும்?"

போதும்பொண்ணு வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "கூப்பிட்டுப் பாருங்க" என்றாள். குரல் ஏறவில்லை.

இருளப்பன் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டான். அவன் அக்காவை அதட்டியிருக்கலாம். அவன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கீழே போனான். அந்தப் படியிறங்கும் சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து பேச்சியம்மாள் தெருமுனையில் தெரிந்தாலே மாடி ஜன்னலைச் சாத்தினாள். தூக்கத்திலும் கை வயிற்றின் மேலேயே இருந்தது.

ஆடி அமாவாசை வந்தது. மலையடிக்கு ஜனம் திரண்டது. வண்டிகள் ஓயாமல் ஓடின, எல்லாப் பேட்டரியும் மாறி மாறி ஏறின. ஒரு ரிலேக்கும் ஓய்வே இல்லை. வெயில் உச்சியில் நின்ற நேரம், படிக்கு அடுத்தாற்போலிருந்த சார்ஜரில் ரிலே 'டக்' சொல்ல மறந்தது. அதன் வாய் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதைப் பார்த்தோ என்னவோ அடுத்ததும் மறந்தது, அதற்கடுத்ததும். தெருவில் ஓர் ஆட்டோவுக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்த இருளப்பனின் மூக்கில் இனிப்பான ஒரு நாற்றம் ஏறியது. உள்ளே ஓடினான். பேட்டரிகள் உப்பிக்கொண்டிருந்தன.

மெயின் சுவிட்சை இறக்கினான். விசிறிகள் நின்றன, சிவப்பு விளக்குகள் அணையவில்லை; ஒட்டிக்கொண்ட ரிலே வழியாகப் பேட்டரிகளே அவற்றை எரித்தன. சூடு ஓர் எல்லையைத் தாண்டினால் லித்தியம் தன் தீனியைத் தானே சமைத்துக்கொள்ளும், பிறகு ஊட்டுகிற கையை அது எதிர்பார்க்காது என்பது தெரிந்த சங்கதிதான். தகரப் பெட்டிகள் முனகின. படியோரத்துப் பேட்டரியிலிருந்து வெள்ளைப் புகை சீறியது. படி வழியாக ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. மாடி ஜன்னலில் இரும்புக் கம்பி. கம்பிக்குப் பின்னால் போதும்பொண்ணு, இரண்டு பக்கமும் இரண்டு மகள்கள்.

தெரு நிறைய ஆள் கூடிவிட்டது. சோணைமுத்து மணலை வாரி வாரி இறைத்தார். வேறொருவர் கடப்பாரை தேடி ஓடினார். மற்றவர்கள் நின்றார்கள். எல்லோருக்கும் மருந்து தெரியும். ஒவ்வொரு வாயிலும் அது இருந்தது. மாதக்கணக்காகக் கடித்து விழுங்கிப் பழகிய அந்த ஒரு சொல்லை உமிழ்ந்தால் தாயும் இரண்டு பிள்ளைகளும் பிழைப்பார்கள். மூன்றாவதற்கு யாரும் உத்தரவாதம் சொல்ல முடியாது.

கூட்டத்தில் பேச்சியம்மாளும் இருந்தாள். இப்போது அவள் கூப்பிட்டால் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். காப்பாற்றினாள் என்றுகூடச் சொல்வார்கள். அதனால்தானோ என்னவோ, முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

"கூப்பிடுய்யா!" என்று மேலிருந்து கத்தினாள் போதும்பொண்ணு.

இருளப்பன் அண்ணாந்து பார்த்தான்.

"ஏய்யா, என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிற? இதுக ரெண்டும் வெந்துரும்யா! எம்பேரச் சொல்லு!"

"உள்ள இருக்கிறது?" என்றான் அவன். கேட்டது அவனுக்கே கேட்டிருக்காது.

"நான் பாத்துக்கிர்றேன், நீ கூப்பிடு!"

சின்னவள் இரும ஆரம்பித்தாள். இருளப்பன் வாயைத் திறந்தான். "போ..." என்று வந்தது. முழுப் பெயரும் வரப்போகிறது என்று தெரிந்தோ என்னவோ, அந்த ஓரெழுத்துக்கே புகை ஒரு கணம் தயங்கியது. அவள் முகம் சுளித்து வயிற்றைப் பிடித்தாள். அதைப் பார்த்தவன் பல்லைக் கடித்து மீதியை உள்ளே தள்ளினான். உள்ளே தள்ளியது நெஞ்சில் இடமில்லாமல் முட்டியது. மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் மலைப்பக்கம் திரும்பியது. கை இரண்டையும் தூக்கினான்.

"பொண்ணு போதும்!" என்று அலறினான். "முனியாண்டி, எனக்குப் பொண்ணு போதும்யா! மூணும் பொண்ணா இருந்தாலும் போதும்! நீலத் துணிய அவுத்துர்றேன்யா, பொண்ணு போதும்!"

இரண்டே சொல், இடம் மாறி நின்றன. தமிழில் 'போதும்' என்பது நிறுத்தச் சொல்லும் சொல், நிறைந்ததைச் சொல்லும் சொல்லும் அதுவே. பிடரியைப் பிடித்துத் தள்ளவும் வயிறாரக் கும்பிடவும் நம் ஆட்கள் அந்த ஒன்றையேதான் வைத்திருக்கிறார்கள். இலக்கணம் பேச அது நேரமில்லை. ஆனால் லித்தியத்துக்கு வித்தியாசம் புரிந்தது. பெயரைக் கேட்டு அது சட்டென்று நிற்கும்; இப்போது அப்படி நிற்கவில்லை. உண்டு முடித்தவர் மடித்த இலைக்கு முன் மெதுவாக எழுவது போல, பெட்டி பெட்டியாக, ஒரு நீண்ட மூச்சை விட்டு அடங்கியது. படியோரத்து விளக்கு முதலில் பச்சையானது. பிறகு அடுத்தது. கோடியிலிருந்த கடைசி விளக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தது, அதுவும் மாறியது.

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். போதும்பொண்ணு இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து, யாரோ ரகசியம் சொல்வதைக் கேட்பவள் போல நின்றாள். கடப்பாரையோடு ஓடி வந்தவர் அதைக் கீழே வைக்கவும் துணியாமல் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"உதைக்குதுய்யா" என்றாள்.

இருளப்பன் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அழுகாத மாப்ள" என்றார் சோணைமுத்து. "மூக்கத் தொடச்சுக்க. புள்ளைக பாக்குதுக."

புகை கலைந்து மாடிப்படி ஆறியதும் அவள் மகள்களைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். வந்தவள் கொட்டகை நடுவில், உப்பி அடங்கிய பேட்டரிகளுக்கு மத்தியில் நின்று, "இப்பக் கூப்பிடுய்யா" என்றாள்.

"வேணாம் புள்ள."

"எத்தன நாளைக்கு அந்தப் புள்ள இந்தப் புள்ளன்னு கெடப்பேன்? கூப்பிடுங்குறேன்ல."

அவன் கண்ணை மூடிக்கொண்டு, தன் குரலைத் தானே நம்பாதவனாக, "போதும்பொண்ணு" என்றான்.

தெருவில் தண்ணீர்க் குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது. சின்னவள் அழுதுகொண்டே இருந்தாள். போதும்பொண்ணு அவன் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளங்கையில் ஒரு குதிகால் ஓங்கி இடித்தது.

"என்னய்யா?" என்று பதில் சொன்னாள் அவள், கூப்பிட்டவனுக்குப் பதில் சொல்கிற குரலில்.

அதன் பிறகு அந்தப் பெயர் ஊரில் எதையும் நிறுத்தவில்லை. இருளப்பன் சார்ஜர்களை மறுபடி பிரித்தான்; டிசிக்கென்றே செய்த ரிலேக்களை, அதுவும் ஒன்றுக்கு இரண்டாக, ஒன்று மறந்தாலும் மற்றது சொல்லும்படி வைத்தான்; பேட்டரிக்குள் காவல் பலகைகளையும் போட்டான். எறும்பு எழுத்தை மூத்த மகளை விட்டு வாசிக்கச் சொல்லி ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொண்டான். முனியாண்டி கோயில் மரத்துக்குப் போய் வந்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

ஆவணியில் வலி எடுத்தது. பெரியாஸ்பத்திரியில் பிரசவ அறைக்கு வெளியே இருளப்பனும், சோணைமுத்துவும், அழையாமல் வந்த பேச்சியம்மாளும் நின்றார்கள். அந்த வராந்தாவில் கதவு திறக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் எழும். அதன் விடைக்கேற்ப முகங்கள் மலரும் அல்லது சுவரைப் பார்க்கும். நர்சம்மா வெளியே வந்து வழக்கம்போல வாயைத் திறந்தார்.

"இரும்மா, சொல்லாத" என்றான் இருளப்பன், கையைக் காட்டி நிறுத்தி. "எடை எம்புட்டு?"

நர்சம்மாவுக்குத் தன் உத்தியோகத்தில் அந்தக் கேள்வி முதலில் வந்ததில்லை. கையிலிருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"மூணு கிலோ முன்னூறு."

"மூணு கிலோ முன்னூறா!" என்றாள் பேச்சியம்மாள், பிறந்தது என்ன பிள்ளை என்று யாரும் அவளுக்குச் சொல்லும் முன்பே, இரண்டு கையையும் கதவைப் பார்த்து நீட்டி வழித்து, நெற்றிப் பொட்டில் வைத்து நெரித்தாள், பத்து விரலும் சொடசொடவென்று நெட்டி முறிந்தன.